48 அடி மரப் போட்டுக்கு (படகுக்கு) முழு வேலை: ஃபைபர் ஒட்டவா, பலகை மாத்தவா?

கொண்டல்:
அப்பா 1997-ல நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில கட்டின போட்டு. 48 அடி, இழுவை மடி (வலை). 2004 சுனாமியில துறைமுகத்துலேர்ந்து தூக்கி ரோட்டோரம் போட்டுச்சு. திரும்பத் தண்ணியில இறக்கினோம். 2018 கஜா புயல்ல சின்னச் சிராய்ப்போட தப்பிச்சது. இப்ப நிலைமை என்னன்னா, கடல்ல நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் பம்பு போட்டு இறைக்க வேண்டியிருக்கு.

வர்ற மீன்பிடித் தடைக்காலத்துல (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்) ஒரே மூச்சா முடிச்சிடலாம்னு திட்டம். அடிப்பக்கம் முழுக்க ஃபைபர் (பிசின்ல ஊறின கண்ணாடி நார்) ஒட்டணும். இப்ப இருக்குற 110 குதிரைத்திறன் இஞ்சினைக் கழட்டிட்டு 240 வைக்கணும். கேபினை உசத்திக் கட்டணும், மீன் கிடங்குக்கு பஃப் (ஐஸ் உருகாம குளிரைக் காக்குற நுரை) அடிக்கணும், ஒயரிங் புதுசு. கையில 14 லட்சம், கடன் 10 லட்சம். தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, பிறகு சொல்லாதீங்க.

உளிச்சத்தம்:
தம்பி, நான் ஆச்சாரி. முதல் வேலையா ஃபைபரை மறந்துடுங்க.

மரம் கரையில காஞ்சா சுருங்கும், பலகை இடுக்கு விரியும். தண்ணியில விட்டா ஊறி இறுகும். கலப்பத்து (பலகை இடுக்கை அடைக்கிற வேலை) பார்க்கிறதே இந்த அசைவுக்கு இடம் விட்டுத்தான். பஞ்சைத் திணிச்சு மேல குங்கிலியம் பூசினா மரத்தோட சேர்ந்து அதுவும் கொஞ்சம் கொடுக்கும். நீங்க ஒட்டப்போற பிசின் கொடுக்காது. எங்கயாவது ஒரு ஆணி ஓட்டையில தண்ணி நுழைஞ்சா உள்ள இருக்குற பலகை ஊதும், ஃபைபர் தோல் மாதிரி உரிஞ்சு நிக்கும். உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியும் இல்ல. நாலு வருசத்துல மேல பளபளன்னு இருக்கும், உள்ள புட்டு மாதிரி உதிரும். நான் உரிச்சுப் பார்த்திருக்கேன்.

தூத்துக்குடி வாடை:
ஆச்சாரி அண்ணாச்சி சொல்லுதது பாதிதான் சரி. என் போட்டுக்கு ஒட்டி எட்டு வருசம் ஆச்சு. வருசா வருசம் கலப்பத்து கிடையாது, கப்பல் புழுத் தொல்லை கிடையாது. அடிப்பலகையைத் தேன்கூடு மாதிரி துளைக்கிற அந்தப் புழுவுக்கு மரத்தைத் தொட வழியே இல்லைல்லா. மரத்துக்கு மேல ஃபைபர் போர்த்துறதுல கொச்சியில இருக்கிற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனமே வேலை பார்த்திருக்கு. ஏதோ யாருக்கும் தெரியாத வித்தை இல்ல இது.

தப்பு ஒட்டுததுல இல்ல, ஈரத்துல ஒட்டுததுலதான். மரத்துல ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ வரணும். பழைய தார், எண்ணெய், பெயின்ட் எல்லாம் வெறும் மரம் தெரியுற வரைக்கும் இழைக்கணும். மலிவான பாலியஸ்டர் பிசின் மரத்துல அவ்வளவாப் பிடிக்காது, எபாக்சி பிசின் அதைவிட நல்லாப் பிடிக்கும். விலை கூடத்தான், அதுக்கு என்ன செய்ய?

உளிச்சத்தம்:
சரி வாடை, 27 வருசம் உப்புத்தண்ணி குடிச்ச பலகை 15 சதவீதத்துக்கு வர எத்தனை நாள் ஆகும்னு நீங்களே சொல்லுங்க.

தூத்துக்குடி வாடை:
கத்திரி வெயில்ல நாங்க ரெண்டு மாசம் காய வச்சோம். அதுக்கு அப்புறம்தான் ஒட்டினது.

உளிச்சத்தம்:
அப்போ தம்பியோட 61 நாளும் காயவே சரியாப் போச்சு. ஒட்டுறது எப்போ? அதுவும் ஏப்ரல் 15 அன்னைக்கே எல்லாப் போட்டும் கரை ஏற வரிசையில நிக்கும், என்னை மாதிரி ஆளுங்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டுக்குவாங்க. இந்த வேலைக்கு ஒரு மாசம் முன்னாடியே தொழிலை நிறுத்தணும். அந்த ஒரு மாச வருமானம் போறதையும் கணக்குல எழுதுங்க.

பிஸ்டன்:
ஒட்டுறது பத்தி எனக்குத் தெரியாது, இஞ்சின் பத்திச் சொல்றேன். 240 எதுக்கு? சட்டம் அதுவரைக்கும் விடுதுங்கறதுக்காகவா? தமிழ்நாட்டு 2020 மீன்பிடி விதியில விசைப்படகுக்கு 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன்னு உச்சவரம்பு போட்டிருக்கான். அது வரம்புதான், இலக்கு இல்ல.

உங்க போட்டு தண்ணியைக் கிழிச்சுட்டுப் போற வகை, மேல ஏறி வழுக்குற வகை இல்ல. இந்த மாதிரி உடம்புக்கு வேகம் நீளத்துல அடங்கியிருக்கு. தண்ணிக்கோட்டு நீளம் (தண்ணிமட்டத்துல போட்டோட நீளம்) 44 அடின்னு வைங்க. அதோட வர்க்கமூலம் 6.6, அதை 1.34-ஆல பெருக்கினா ஒன்பது நாட் (மணிக்கு ஒன்பது கடல் மைல்) வேகத்துக்குக் கொஞ்சம் கீழ. அதுக்கு மேல போகணும்னா தானே எழுப்பின அலை மேல தானே மலை ஏறணும். இஞ்சினை ரெட்டிப்பாக்கினாலும் அரை நாட், முக்கால் நாட்தான் கூடும், டீசல் மட்டும் தாராளமா குடிக்கும்.

கொண்டல்:
அண்ணே, எனக்கு வேகம் வேண்டாம், இழுவைதான் வேணும். மடி போட்டா இப்ப இருக்குற இஞ்சின் திணறுது.

பிஸ்டன்:
அப்படின்னா இன்னும் நல்லது, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். இழுவைக்கு வேண்டியது பெரிய புரொப்பல்லரும் மெதுவான சுத்தும். கியர் பாக்ஸ் ரெண்டுக்கு ஒண்ணா (இஞ்சின் ரெண்டு சுத்துக்கு புரொப்பல்லர் ஒரு சுத்து), மூணுக்கு ஒண்ணா பாருங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னா, மூணுக்கு ஒண்ணா மாத்தி, பின்பக்க இடம் விடுற அளவுக்கு விட்டம் கூட்டி, 140 இல்ல 150 வச்சாலே வித்தியாசம் தெரியும். 240-ஐ அந்தப் பழைய இஞ்சின் கட்டை மேல உக்கார வச்சா அதிர்வு முழுக்க வங்குக்குத்தான் (பலகையைத் தாங்குற விலா எலும்பு மாதிரி கட்டை) போகும். ஆச்சாரி பாடுபட்டு அடைச்ச இடுக்கெல்லாம் ஒரே சீசன்ல வாய் திறக்கும்.

இஞ்சின் மாத்தினா மீன்வளத்துறை பதிவுலயும் மாத்தணும், மறந்துடாதீங்க.

கணக்கப்பிள்ளை:
எல்லாரும் எப்படிச் செய்யறதுன்னு பேசறீங்க, செய்யணுமான்னு யாருமே கேக்கல. 24 லட்சம்னு ஆரம்பிச்சா மரப் போட்டுல 32-ல நிக்கும், பலகையைத் திறந்தபிறகுதான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். முடிச்சாலும் வித்தா பாதிகூட வராது. நம்ம பக்கத்துலயே எத்தனை பேர் இரும்புக்கு மாறிட்டாங்க, பார்க்கலையா?

2017-ல பாக் வளைகுடாவுக்கு ஒரு திட்டம் வந்துச்சு. இழுவைப் படகை விட்டுக் கொடுத்தா 80 லட்சம் மதிப்புல ஆழ்கடல் சூரை மீன் படகு. மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக்கடன் 20, சொந்தக் காசு 10. அப்பவே இதைக் கொடுத்திருக்கலாம்.

தூத்துக்குடி வாடை:
வே கணக்கு, காகிதத்துல 10 சதவீதம்தான். அன்னைக்குப் போய் அன்னைக்கே திரும்புத ஆளை ரெண்டு வாரம் கடல்ல கிடந்து தூண்டில் போடச் சொன்னா அது வேற தொழில். அந்த ஆளுக, அந்த ஐஸ், அந்த மீனை வாங்குத வியாபாரி எல்லாம் வேணும்லா. தவணை மட்டும் மாசம் தவறாம வரும்.

கணக்கப்பிள்ளை:
ஒத்துக்கறேன். ஆனா மீன் கிடங்கும் கேபினும்கூட யோசிக்க வேண்டியதுதான். கேபினை உசத்தினா எடை மேல ஏறும், போட்டு புரள்றது கூடும். அப்புறம் அடியில பாரம் வைப்பீங்க, போட்டு தாழும். பாக்க லட்சணமா இருக்குன்னு யாரும் மீனுக்குக் கூட விலை தரப்போறதில்ல. பஃப் மட்டும் செய்யுங்க, நாலு அங்குலத்துக்குக் குறையாம. ஐஸ்ல மிச்சமாகறது கண்ணுக்குத் தெரியும்.

கொண்டல்:
கேபினை விட்டுட்டேன். (தம்பிக்குத்தான் அந்த ஆசை, அவன்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க.)

உளிச்சத்தம்:
ஒரு ரூபா செலவு பண்றதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. கரை ஏத்தின அன்னைக்கே சுத்தியல் எடுத்து ஒவ்வொரு பலகையாத் தட்டுங்க. நல்ல மரம் டங்குனு பேசும், கெட்டது டொக்குனு வாயடைக்கும். ஆணித்தலையைச் சுத்திக் கறுத்திருக்கா பாருங்க, துரு மரத்தைத் தின்னிருக்கும், புது ஆணி அங்க நிக்காது. கூர்மையான ஸ்க்ரூடிரைவரால வங்கு ஒவ்வொண்ணையும் குத்துங்க. எல்லாரும் தண்ணிக்குக் கீழயே பார்ப்பாங்க. மரம் உளுத்துப்போறது பெரும்பாலும் மேல்தளத்து ஓரத்துலதான், மழைத்தண்ணி இறங்குற இடத்துல. உப்புத்தண்ணியில அந்த அளவுக்கு உளுக்காது, நல்லதண்ணிதான் கெடுக்கும்.

கொண்டல்:
போன வாரம் கரை ஏத்தினோம், தடைக்காலம் வரைக்கும் காத்திருக்கல. தட்டிப் பார்த்ததுல பலகை பத்துப் பதினொண்ணு டொக்கு. ஏரா (அடி நடுக்கட்டை) நல்லாருக்கு, ஸ்க்ரூடிரைவர் கால் அங்குலம்கூட இறங்கல. வங்குல ஒன்பதுலேர்ந்து பதிமூணு வரைக்கும் அஞ்சும் போச்சு. விரலாலேயே தோண்டலாம்.

உளிச்சத்தம்:
அணியத்துலேர்ந்து (முன்பக்கத்துலேர்ந்து) எண்ணினதா, பின்பக்கத்துலேர்ந்தா?

கொண்டல்:
பின்பக்கத்துலேர்ந்து. இஞ்சின் கட்டைக்குக் கீழதான் அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே, மேல தளத்துல கேபின் மூட்டுலேர்ந்து மழைத்தண்ணி நேரா அங்கதான் இறங்கியிருக்கு.

பிஸ்டன்:
இந்த வங்கு மேலதான் 240 வைக்கலாம்னு இருந்தீங்க.

கணக்கப்பிள்ளை:
இப்ப புதுக் கணக்கு சொல்லுங்க.

கொண்டல்:
அஞ்சு வங்கு, பதினோரு பலகை, இஞ்சின் கட்டை, கியர் பாக்ஸ், பெரிய புரொப்பல்லர், பஃப். பழைய இஞ்சினைப் பிரிச்சு வேலை பார்த்து அதையே மாட்டுறோம். 17 லட்சம்னு ஆச்சாரி சொல்றார், 20-ன்னு நான் எழுதி வச்சிருக்கேன். ஃபைபர் ஒட்டுறதை அடுத்த வருசம் பேசிக்கலாம். இப்போதைக்கு வங்குக்கு நல்லா வளைஞ்ச வாகைக் கட்டைதான் கிடைக்க மாட்டேங்குது. நேர்க்கட்டையை அறுத்து வளைவு எடுத்தா நார் அறுந்துடும்ங்கறார். யாருக்காவது இடம் தெரியுமா?

தூத்துக்குடி வாடை:
அளவை அனுப்புங்க, நம்ம பக்கத்து மரக்கடையில கேட்டுச் சொல்லுதேன். கட்டை வந்து சேரட்டும், அதுக்குப் பிறகு ஆச்சாரி அண்ணாச்சிகிட்ட ஃபைபருக்குச் சண்டை போட்டுக்கிடுதேன்.