கடிக்கிற குழந்தைக்கு மூன்று நிமிட நாற்காலி: யார் போட்ட கணக்கு?

கொருக்குப்பேட்டை டீச்சர்:

நேற்று வேறோர் இழையில் பெரம்பூர்ப் பாரி எழுதியதைப் படித்தேன். கடிக்கிற, அடிக்கிற குழந்தையை வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் தனி நாற்காலியில் உட்கார வைத்தால் போதுமாம். மூன்று வயதென்றால் மூன்று நிமிடமாம். உலகமே ஒப்புக்கொண்ட இந்த ‘டைம் அவுட்’ முறைகூட நம் பகுதிப் பால்வாடி ஆயாக்களுக்குத் தெரியாதாம். பணி ஓய்வுக்குப் பிறகு யாருடனும் வாதாடுவதில்லை என்றிருந்த நான், ஆயாக்களை வம்புக்கு இழுத்த அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

தம்பி, அந்த மூன்று நிமிடமும் நாற்காலிக்குப் பக்கத்தில் யார் நிற்பது? மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பதினொன்றரை மணிக்கு உதவியாளர் சமையலறையில் முட்டை உரித்துக்கொண்டிருப்பார். நான் மணி பார்த்துக்கொண்டு நின்றால், மற்றக் குழந்தைகளில் ஒன்று வாசற்படியைத் தாண்டித் தெருவில் நிற்கும்.

எங்கள் மையத்தில் ஒரு பையன் ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தான். எப்போது கடிக்கிறான் என்று கவனித்ததில், சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வரிசையில் நிற்கும்போதுதான் என்று தெரிந்தது. தண்ணீர் டிரம் இருந்தது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்த குறுகலான இடம். பசி, நெரிசல், பின்னாலிருந்து ஒரு தள்ளு, உடனே முன்னால் நிற்பவளின் தோளில் பல். நான்கு நான்கு பேராக அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னேன். தட்டுகளை அடுக்கி வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்து, அவனை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கடி குறைந்தது. அதற்கு எந்த நாற்காலியும் தேவைப்படவில்லை.

பெரம்பூர்ப் பாரி:

வணக்கம் அம்மா. அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன், அந்த வணக்கத்தில் கொஞ்சத்தை அறிவியலுக்கும் மிச்சம் வைக்கலாம். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது என் கற்பனை அன்று; அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பெற்றோருக்குக் கூறும் அறிவுரையிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. என் மகள் போகும் மழலையர் பள்ளியில் சன்னலோரம் ஒரு மஞ்சள் நாற்காலியும், அதன் அருகே மணல் இறங்கும் கண்ணாடிக் கடிகாரமும் வைத்திருக்கிறார்கள். மணல் முழுதும் இறங்கியதும் குழந்தை தானே எழுந்து வந்து விளையாட்டில் சேர்ந்துகொள்கிறது. அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. தண்ணீர் டிரம் கதை சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மையத்தின் குறுகலான இடத்தை வைத்து ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாது. மூன்று வயதுக்கு மூன்று நிமிடம்: இதில் எது தவறு என்று மட்டும் சொல்லுங்கள்.

காசிமேட்டு மீனாள்:

இருவருமே கடித்தவனைப் பற்றியே பேசுகிறீர்கள். கடிபட்டது என் மகள். விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், கூடையை விற்றுத் தீர்த்துவிட்டுப் பிற்பகலில் அழைக்க வந்தால், முழங்கைக்குக் கீழே வட்டமாகப் பல் தடம் கன்றிப்போயிருக்கிறது. கேட்டால் ‘விளையாட்டில் பட்டுவிட்டது’ என்கிறார்கள். எனக்குப் பாட்டும் வேண்டாம், மணலும் வேண்டாம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? முதுகில் ஒன்று வைத்தால் மறுநாள் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

ராயபுரம் வழக்குரைஞர்:

சகோதரி, முதுகில் ஒன்று வைக்கும் ஊழியர் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தை முதலில் படித்துக்கொள்வது நல்லது. அதன் 75ஆவது பிரிவின்படி, குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற நிறுவனத்தின் ஊழியரே தாக்கி, அதனால் குழந்தைக்குத் தேவையற்ற உடல் துன்பமோ மனத் துன்பமோ விளையக்கூடுமானால், 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளைகளை அடிப்பதைத் தடுப்பதாக எல்லோரும் வாய்ப்பாடாக ஒப்பிக்கும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தமிழ்நாட்டில் 2003இல் அடிப்பதைத் தடுக்கும்படி கல்வி விதிகளின் 51ஆவது விதி திருத்தப்பட்டதும் பள்ளிகளை முன்னிட்டே. எனவே பால்வாடிக் குழந்தைக்குப் பேச வேண்டியது 75ஆவது பிரிவைத்தான். மூன்று நிமிட நாற்காலி அதற்குள் அடங்குமா என்பது சிந்திக்கத்தக்க கேள்வி. இது பற்றி எவரேனும் கருத்துக் கூறினால் மகிழ்வேன்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

மீனாள், முதல் பதில் உங்களுக்குத்தான். கடிபட்டதைப் பூசி மெழுகியது பெரிய தவறு. கடித்தவனைக் கண்டிக்க ஓடுவதற்கு முன் கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பல் பட்ட இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். அழைக்க வருபவரிடம் எப்போது, எங்கே நடந்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். கடித்தவன் பெயரை மட்டும் சொல்லக் கூடாது; சொன்னால் அன்று மாலையே தெருக்குழாயடியில் இரண்டு குடும்பங்கள் கட்டிப் புரளும். ‘ஐந்தில் வளையாதது’ என்றீர்களே, அவனுக்கு இன்னும் ஐந்தே ஆகவில்லை. இரண்டு, மூன்று வயதில் ‘எனக்கு வேண்டும்’, ‘தள்ளாதே’ என்று சொல்வதற்குள் பல் முந்திக்கொள்கிறது. ‘கடித்தால் வலிக்கும், பார், அவள் அழுகிறாள்’ என்று சின்னதாய்ச் சொல்லிவிட்டு, அடுத்த முறை வாயால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைப் பல முறை செய்யத்தான் வேண்டும். அடித்தால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான்.

பாரி, உங்கள் மூன்று நிமிடத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு தாய் தன் ஒரு பிள்ளைக்குச் செய்வதற்காகச் சொன்ன அறிவுரையை எடுத்து வந்து, குழந்தைகள் நிறைந்த மையத்தின் தலையில் கட்டுகிறீர்கள். அதே அமெரிக்காவில், ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்காக 1965 முதல் நடக்கும் ஹெட் ஸ்டார்ட் மையங்களுக்கு 2016இல் எழுதிய விதிகளில், கண்டிப்பதற்காகக் குழந்தையைத் தனிமைப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. சாப்பாட்டைக் காட்டி ஆசை காட்டவோ, நிறுத்தி வைக்கவோ கூடாது என்றும் இருக்கிறது. நம் நாட்டின் 2013ஆம் ஆண்டு முன்பருவக் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒருவர், மூன்றுக்குக் கீழ் 10 பேருக்கு ஒருவர் என்று சொல்கிறது. மறுபடியும் கேட்கிறேன்: மணல் இறங்கும்போது பக்கத்தில் யார்?

பெரம்பூர்ப் பாரி:

தனிமைப்படுத்துவது வேறு, ஒரே அறைக்குள் சன்னலோரம் உட்கார வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. என் மகளின் பள்ளி மாண்டிசோரி முறையில் நடப்பது. அந்த முறையை உருவாக்கி, 1939இல் நம் சென்னைக்கே வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், பிறரைத் தொந்தரவு செய்யும் குழந்தையை அறையின் ஒரு மூலையில், தனி மேசை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்ததாகத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். நாற்காலி தப்பென்றால் அவரையும் சேர்த்துத் திட்டிவிடுங்கள். மூன்று நிமிடத்தில் என்ன தவறு?

கொருக்குப்பேட்டை டீச்சர்:

முழுதும் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். அந்த நாற்காலி கை வைத்த வசதியான சிறு நாற்காலி. மற்றவர்கள் வேலை செய்வது கண்ணில் படும்படி போட்டது. அந்தக் குழந்தைக்குப் பிடித்த பொம்மைகளைக் கையில் கொடுத்தார்கள். உடல்நலம் சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பது போல் தனிக் கவனத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மணல் கடிகாரம் எங்கே இருக்கிறது அதில்? மூன்று நிமிடம் எங்கே இருக்கிறது? இன்னொன்று: அந்த அம்மையார் 1907 சனவரியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோவில், கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பில். அது அன்றைய ரோமின் கொருக்குப்பேட்டை. அங்கிருந்து கிளம்பிய முறைதான் இப்போது ஆண்டுக்கட்டணம் வாங்கிக்கொண்டு பெரம்பூருக்கு வந்திருக்கிறது.

வியாசர்பாடிப் புறாக்காரர்:

நான் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ‘டைம் அவுட்’ சோதனைக்கூடத்தில் யார் மீது நடத்தப்பட்டது என்று பாரி சொல்வார் எனக் காத்திருந்தேன். சார்லஸ் ஃபெர்ஸ்டர் 1958இல் வெளியிட்ட ஆய்வு சிம்பன்சிகளையும் புறாக்களையும் வைத்து நடந்தது. தீனி கிடைக்கும் வாய்ப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அவற்றின் நடத்தை எப்படி மாறுகிறது என்பதே அதன் பொருள். பந்தயப் புறா வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மிரண்ட புறாவைக் கூண்டில் தனியே போட்டு அடைத்தால் அது அடுத்த முறை கைக்கே வராது.

பெரம்பூர்ப் பாரி:

பந்தயப் புறாவுக்கு வேறு இழை இருக்கிறது. அங்கேயும் போன மாதம் என்னோடு இதே தொனியில்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை. எலி, புறா மீது சோதித்த எத்தனையோ முடிவுகளை மருத்துவத்தில் ஏற்றுக்கொள்கிறோம். மேலும், பெரம்பூரை ஏதோ அயல்நாடு போலப் பேசுவதை டீச்சர் அம்மா நிறுத்திக்கொள்ள வேண்டும். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இரண்டு தலைமுறையாக உழைத்த குடும்பம் எங்களுடையது.

மட்டுறுத்துநர்:

பெரம்பூர் வடசென்னையில் சேர்த்தியா என்பது குறித்து வந்த பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. தலைப்பை ஒட்டி எழுதுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

குடும்பத்தின் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. உங்கள் கணக்கைத்தான் கேட்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு நிமிடம் என்றால் என்னவென்றே தெரியாது. ‘கொஞ்ச நேரம்’ என்பதும் ‘நாளைக்கு’ என்பதும் அதற்கு ஒன்றுதான். தான் செய்ததை நினைத்து வருந்துகிறது என்று நீங்கள் நம்பும் அந்த நேரத்தில், அது மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அடங்கி உட்கார்ந்ததைத் திருந்தியதாக எழுதி வைப்பது பெரியவர்களின் வசதி. கோபத்தில் உடம்பு நடுங்கும் பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டு, மூச்சு ஆறும் வரை பேசாமல் இருப்பதற்கு ஒரு பெரியவர் வேண்டும். நாற்காலி அந்தப் பெரியவருக்குப் பதிலாக வாங்கிப் போட்டது. எங்கள் ஆயாவுக்கு மணல் கடிகாரம் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்தப் பிள்ளையின் வீட்டில் இரவு சண்டை நடந்தது என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரியும்.

காசிமேட்டு மீனாள்:

ஆயாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் என் மகளின் கையில் தடம் விழுந்ததே! அந்த மையத்திலும் ஓர் ஆயா இருந்தார். டீச்சர் தம் மையத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்.

பெரம்பூர்ப் பாரி:

அதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லா மையத்திலும் கொருக்குப்பேட்டை டீச்சர் இருக்க மாட்டார். எவரும் பின்பற்றக்கூடிய ஓர் அளவு வேண்டும். எங்கள் பள்ளியின் பெற்றோர் கையேட்டில் இது அச்சிலேயே இருக்கிறது. நாளை அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறேன்.

கொருக்குப்பேட்டை டீச்சர்:

போடுங்கள். அந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

பெரம்பூர்ப் பாரி:

எண்ணிக்கை வேறு, நிமிடம் வேறு. மூன்று வயதுக்கு மூன்று நிமிடம் என்பதில் எது தவறு என்பதற்கு இந்த இழையில் இன்னும் நேரான பதில் வரவில்லை.

ராயபுரம் வழக்குரைஞர்:

75ஆவது பிரிவு குறித்து நான் எழுப்பிய கேள்விக்கும் வரவில்லை.