காயத்ரி நிச்சயதார்த்தம் – குடும்பக் குழு

காயத்ரி: பட்டு ஜாக்கெட் இப்போதுதான் வந்தது. கை முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. புதன்கிழமைக்கு என்ன செய்வேன்?

பெரியம்மா: கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாய் கண்ணு

காயத்ரி: இல்லை பெரியம்மா. கொடுத்த அளவு ஜாக்கெட் இன்றைக்கும் சரியாக இருக்கிறது.

செல்வி சித்தி: பிள்ளையின் உடம்பைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. காயத்ரி, உள்பக்கம் திருப்பிப் பார். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி இருக்கிறது?

காயத்ரி: அரை விரல்கூட இல்லை. ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருக்கிறார்கள்.

ராஜா மாமா: வேன் 6 மணிக்கா, 6.30க்கா?

செல்வி சித்தி: அதுதான் தப்பு. பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது உள்ளே விட்டு இரண்டு மூன்று தையல் போட வேண்டும். இறுக்கினால் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். அளவு ஜாக்கெட் பழையது, போட்டுப் போட்டு உடம்புக்கு இளகியிருக்கும். லைனிங் வைத்த பட்டு இளகாது. அதனால் கைச்சுற்றில் கொஞ்சம் கூட்டித்தான் வெட்ட வேண்டும். காட்டன் லைனிங்கை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சுருங்கி மேல்துணியையும் இழுக்கும். 22 வருஷமாகத் தைக்கிறேன், இதையெல்லாம் விட்டதில்லை.

பெரியம்மா: கடை நான் சொன்னதுதான். என் மகள் கல்யாணத்துக்கு நன்றாகத்தானே தைத்தார்

அம்மா: அன்றைக்கும் ராத்திரி உட்கார்ந்து பிரித்தது செல்விதான்

பெரியம்மா: பழசெல்லாம் எதற்கு

திவ்யா: ரெடிமேட்?

காயத்ரி: பார்த்தேன். 38 தோளில் வழிகிறது, 36 அக்குளில் பிடிக்கிறது.

திவ்யா: எனக்கும் ஒரு கடைக் குர்தி எம், இன்னொரு கடையில் டபுள் எக்ஸ்எல். பாக்கெட்டும் கிடையாது.

கார்த்தி: நமக்கென்று எல்லாக் கடைகளும் பின்பற்றும் பொது அளவு இல்லாததுதான் காரணம். ஆறு நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய அளவு அட்டவணை போடுவதாக மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் 2018இலேயே அறிவித்தது.

அம்மா: புதன்கிழமைக்குள் வருமா அது?

செல்வி சித்தி: காயத்ரி, மிச்சத் துணியைக் கேட்டு வாங்கு. அக்குளுக்குக் கீழே துண்டு வைத்துத் தைத்தால் கை ஏறும். வெளியே தெரியாது.

காயத்ரி: அவர் போனை எடுக்கவில்லை சித்தி

செல்வி சித்தி: அப்படியானால் சேலையின் உள்முந்தியில் நாலு அங்குலம் எடுக்கலாம்.

பெரியம்மா: நான் எடுத்துக் கொடுத்த பட்டில் கத்திரியா!!

அம்மா: கொசுவத்துக்குள் போகிற இடம்தானே

பெரியம்மா: அவர் மனைவி நம்பர் இருக்கிறது. நான் பேசுகிறேன், பொறுங்கள்

செல்வி சித்தி: பேசுங்கள் அக்கா. காயத்ரி, நீ எதற்கும் நாளைக் காலையில் சேலையோடு வீட்டுக்கு வா.

ராஜா மாமா: வேன்காரர் லைனில் இருக்கிறார். எத்தனை மணி?