பாம்பன் கடல் ஓசையும் சித்தியின் குரலும்

பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை 90.4’ பண்பலை வானொலி தொடங்கியது 2016 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன் எங்கள் வீட்டில் வானொலி என்றால் பெரும்பாலும் இலங்கைதான். வானிலை அறிக்கையில் ‘தென் தமிழகக் கடலோரம்’ என்று மொத்தமாகச் சொல்வார்கள். எங்கள் தீவுக்கோ இரண்டு கடல். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் சாதுவாகக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசினால் நிலைமை தலைகீழ். மொத்தமாகச் சொன்ன அறிக்கையை வைத்து வல்லத்தை, எங்கள் மீன்பிடிப் படகை, எந்தப் பக்கம் தள்ளுவது?

கடல் ஓசையில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் வரத் தொடங்கியபோது அப்பா முதலில் நம்பவில்லை. பேசுகிற பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தார். மீனவக் குடும்பம் என்று தெரிந்த பிறகே, கைப்பேசியை பாலிதீன் பையில் சுற்றி வல்லத்துக்கு எடுத்துப்போனார். இந்த வானொலியின் பலமே அதுதான் என்பேன். இதுபோல ஒரு வட்டார மக்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. எட்டும் தூரம் சிறியது. அதனாலேயே பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரையொருவர் அறிவார்கள்.

இப்படிப்பட்ட வானொலிகளுக்கு வழி பிறந்த கதை நீளமானது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் சென்னையில் வளாக வானொலி தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006-இல்தான்.

என் சித்தி கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிக்கொண்டு பாறைகளுக்கிடையே மூழ்குவார். ஒருநாள் கடல் ஓசையில் அவரைப் பேச அழைத்திருந்தார்கள். எந்தப் பாறையில் பாசியை விட்டுவைத்தால் மறுபடி வளரும், எந்த நீரோட்டத்தில் இறங்கக்கூடாது என்று மடமடவென்று சொன்னார். வீட்டில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டிராத விஷயங்கள்! நிகழ்ச்சி முடிந்ததும் தெருவில் இருந்த பெண்கள், “அக்கா, அந்த மேற்குப் பாறையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே” என்று சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

எனக்கு ஆறாத ஒரு வருத்தம் உண்டு. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தொகுத்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. எங்கள் ஊர்ப் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால், கரையில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வானொலியால் அதைத் தன் செய்தியாகச் சொல்ல முடியாது. கொண்டல் காற்றையும் சோழகக் காற்றையும் பற்றிப் பேச விட்டவர்கள், கடலில் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பேசவும் விட வேண்டும். இந்த விதியை அரசு மாற்றியே ஆக வேண்டும்.

சித்தி பேசிய பதிவு இப்போதும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஊரில் இன்னும் யாரெல்லாம் இப்படிப் பதிவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துச் சேர்த்து வருகிறேன்.