அம்பை வீடு குழு: செந்தில் விஷயம்

2021 மே 20, வியாழன் மாலை

(செந்தில் குழுவிலிருந்து வெளியேறினார்)

மீனா: மைனி, அண்ணன் ஏன் குரூப்பை விட்டுப் போய்விட்டான்?

ராஜி: யார் என்ன சொன்னீர்கள் அவனை?

சித்தப்பா: நான் ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வந்த தகவலைத்தான் அனுப்பினேன். நல்லதுக்குத்தானே.

செல்வி: ஏறாது தாத்தா. கற்பூரத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தால் கெடுதல்தான். டூட்டியில் இருக்கிறேன், அப்புறம் வருகிறேன்.

சித்தப்பா: முன்னோர்கள் முட்டாள்களா?

பிரபு: அப்பா விடுங்கள்.

மீனா: மைனி???

கவிதா: நான்தான் வெளியே வரச் சொன்னேன் மீனா. யாரும் வருத்தப்பட வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொரோனா பாசிட்டிவ் வந்ததிலிருந்து அவருக்குக் காய்ச்சல் 100, 101 என்று போய் வருகிறது. இருமல் கொஞ்சம். ஆக்சிஜன் 96, 97. டாக்டர் தினமும் போனில் பேசுகிறார், இதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நோயைவிட அவரை அலைக்கழிப்பது பயம்தான். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். மூச்சு வரவில்லை, விரலெல்லாம் மரத்துப் போகிறது, ஆக்சிஜன் மீட்டரில் 89 காட்டுகிறது, 108-ஐக் கூப்பிடு என்றார். நான் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால் கை சில்லிட்டுக் கிடக்கிறது. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கையைக் கழுவுகிறார், ஈரம் காய்வதற்குள் மீட்டரை மாட்டுகிறார். துண்டில் கையைச் சுற்றி, நன்றாகத் தேய்த்துச் சூடு வரவைத்து, அஞ்சு நிமிஷம் உட்காரவைத்து நடுவிரலில் மாட்டினால் 97. நாடித்துடிப்பு மட்டும் 124.

மீனா: அய்யோ மைனி

ராஜி: 89 என்றதும் எனக்கே கை நடுங்குகிறது

கவிதா: காலையில் டாக்டரிடம் கேட்டேன் மதினி. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுமாம், அதனால் விரல் மரக்கும், உதடு மரக்கும், நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், சாகப்போகிறோம் என்றே தோன்றும், ஆனால் ஆக்சிஜன் இறங்காது. அவர் நடிக்கவில்லை, அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே மூச்சு முட்டுகிறது. அதே சமயம் இந்த நோயில் சிலருக்கு மூச்சு முட்டாமலேயே ஆக்சிஜன் இறங்கிவிடும் என்பதால் "சும்மா பயம்" என்று நானும் விட்டுவிட முடியாது. அதனால்தான் அவர் உடம்பு சொல்வதையும் என் மனசு சொல்வதையும் ஓரமாக வைத்துவிட்டு எண்ணை மட்டும் நம்புவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

சித்தப்பா: ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் சந்தேகமே இல்லையே.

பிரபு: அப்பா, எய்ம்ஸ் இயக்குநர் குலேரியாவே இந்த மாத ஆரம்பத்தில் சொன்னாரே, லேசான தொற்றுக்கு சி.டி. எடுத்து ஓடாதீர்கள் என்று.

சித்தப்பா: எனக்குத் தெரிந்த ஒருவர் ரெம்டெசிவிர் ஊசி ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார். அதை வாங்க நேரு ஸ்டேடியத்தில் கால் கடுக்க நின்றவர்.

செல்வி: வேண்டாம் தாத்தா. வீட்டில் வைத்துப் போடவே கூடாத ஊசி. ஆஸ்பத்திரியில், டாக்டர் தேவை என்று சொன்னால் மட்டும். யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சித்தப்பா: சரி சரி.

மீனா: அம்மா குரல் செய்தி போடச் சொன்னாள், மைக் வேலை செய்யவில்லை, நானே எழுதுகிறேன். "என் பிள்ளையைப் பார்க்க நான் வருகிறேன், சென்னைக்குக் கார் பிடித்து அனுப்புங்கள்" என்கிறாள்.

ராஜி: 72 வயதில் அங்கே போய் என்ன செய்யப்போகிறாள்

மீனா: அதை நீயே அவளிடம் சொல்.

பிரபு: ஊரடங்கில் வெளியூர் போக இ-பதிவு வேண்டும். மருத்துவம், இறப்பு, முதியோர் பராமரிப்பு, இதற்கு மட்டும்தான். கல்யாணத்துக்கான இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

ராஜி: அதைக் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை களக்காட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் நாங்கள் படும் பாடு. 50 பேர்தான் என்று சொல்லிவிட்டு அந்த 50-இல் எங்களைச் சேர்க்கவில்லை.

மீனா: உன்னையுமா விட்டார்கள்?

ராஜி: மொய் மட்டும் கூகுள் பே பண்ணச் சொன்னார்கள்.

கவிதா: அத்தை இப்போது வர வேண்டாம் மீனா. அத்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் அது இவரை இன்னும் அதிகமாக உலுக்கிவிடும். வராதீர்கள் என்று நான் சொன்னால் மருமகள் தடுத்தாள் என்று ஆகும், அத்தானோ நீயோ சொல்லுங்கள்.

மீனா: நாளைக்குக் காலையில் பேசிப் பார்க்கிறேன். இப்போது பை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ராஜி: மைனி என்பதற்காக எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளாதே கவிதா, நாங்கள் என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்.

கவிதா: சொல்கிறேன் மதினி. அவரிடம் யாரும் "தைரியமாக இரு", "ஆம்பளை நீயே இப்படிப் பயந்தால்" என்று சொல்ல வேண்டாம். அதைக் கேட்டால் அவருக்குப் பயம் போவதில்லை, வெளியே காட்டாமல் மறைக்க ஆரம்பித்துவிடுகிறார், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் எனக்கே தெரிகிறது. யார் எங்கே இறந்தார்கள் என்ற செய்தி, படுக்கை இல்லை என்ற வீடியோ, எதுவும் தனியாக அவர் நம்பருக்கும் அனுப்ப வேண்டாம். போன வருஷம் அவருடைய ஆபீஸ் நண்பர் போனபோது உடலைக்கூட வீட்டுக்குக் கொடுக்கவில்லை, இவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். உள்ளே ஓடுவது அதுதான். மீட்டர் இப்போது என்னிடம் இருக்கிறது, அவரே கொடுத்துவிட்டார். காலை 6, மதியம் 12, மாலை 6, ராத்திரி 10, நாலு தடவைதான். அறைக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடக்கவைத்து ஒருமுறை பார்க்கிறேன். 94-க்குக் கீழே போனாலோ, நடந்த பிறகு மூணு நாலு குறைந்தாலோ யாரையும் கேட்காமல் 108. அந்த இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எப்போது போக வேண்டும் என்று முன்னாலேயே முடிவானதில் அவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது, ஒவ்வொரு நிமிஷமும் அவரே முடிவு பண்ண வேண்டியதில்லை பாருங்கள்.

பிரபு: 👍

ராஜி: நல்லது கவிதா

சித்தப்பா: குப்புறப் படுக்கச் சொல்லலாமே?

செல்வி: தாத்தா இது சரி. வயிற்றை அழுத்தாமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து.

சித்தப்பா: 🙏

மீனா: பாப்பா என்ன செய்கிறாள்?

கவிதா: ஹாலில் என்னோடு படுக்கிறாள். அப்பாவுக்கு வாசல் ஸ்டூலில் தட்டு வைப்பது அவள் வேலை. வைத்துவிட்டு ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்று, அவர் கதவைத் திறந்து எடுத்ததும் கையாட்டுவாள். பள்ளிக்கூடம் இல்லாததால் ரொம்பவே பொறுப்பாகிவிட்டாள்.

கவிதா: இன்னொன்று. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். இந்தப் பயத்துக்கு அவர் சில வருஷமாகவே மாத்திரை எடுக்கிறார். நம் வீட்டில் இதை யாரிடமும் சொன்னதில்லை.

ராஜி: எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே

சித்தப்பா: மாத்திரையா? கீழ்ப்பாக்கத்திலா?

பிரபு: அப்பா!!

செல்வி: தாத்தா, சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடுகிறீர்கள், மாமா இதற்குச் சாப்பிடுகிறார். அவ்வளவுதான். அத்தை, மாமா மாத்திரையை விடாமல் போடுகிறாரா?

கவிதா: காய்ச்சல் வந்ததும் விட்டுவிட்டார் செல்வி. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். எனக்கு நேற்று ராத்திரிதான் சொன்னார்.

செல்வி: அதுவும் ஒரு காரணமாக இருக்கும் அத்தை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், பார்ப்பதற்குக் கொரோனா முற்றுகிறது போலவே இருக்கும். இப்போதே அந்த மாத்திரை எழுதிய டாக்டருக்குப் போன் போடுங்கள். கொரோனா டாக்டரிடமும் இந்த மாத்திரை பெயரைச் சொல்லிவிடுங்கள், இருமலுக்கோ வேறு எதற்கோ எழுதும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் கிடைக்காவிட்டால் 104 ஹெல்ப்லைன். அதில் கவுன்சலிங்கும் உண்டு, ராத்திரியும் எடுப்பார்கள். இங்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நான் பார்க்கிற வார்டிலேயே பாதிப் பேருக்கு ராத்திரியில் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும் என்றிருக்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை.

கவிதா: இப்போதே போடுகிறேன்.

மீனா: அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொல்கிறாள், "அவன் அப்பாவும் அப்படித்தான், ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், பிள்ளைகள் மூச்சு விடுகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பார். அந்தக் காலத்தில் யார் மாத்திரை கொடுத்தார்கள்."

ராஜி: ஆமாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சித்தப்பா: அண்ணன் அப்படித்தான். நான் சொன்னது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள் அம்மா கவிதா.

கவிதா: பரவாயில்லை மாமா.

முருகேசன்: எந்த நேரம் அதிகம்?

ராஜி: அண்ணன் வாயைத் திறந்துவிட்டாரே

கவிதா: இரண்டிலிருந்து நாலு அத்தான். விடிந்துவிட்டால் சமாளித்துவிடுகிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், ஆனால் பகலில் சமையல், பாப்பாவின் ஆன்லைன் வகுப்பு, என் ஆபீஸ் வேலை, நேற்று பேசிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

முருகேசன்: எனக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். தெர்மல் பிளான்ட்டில் ரெண்டு மணிக்கு டீ. முழித்துத்தான் இருப்பேன்.

ராஜி: பேசுவதென்றால் நல்லதுதான் அண்ணா, வீட்டுப் பாகம் விஷயத்தை எடுக்காமல் பேசினால் சரி.

முருகேசன்: அதை இப்போது நீதான் எடுத்தாய்.

மீனா: இரண்டு பேரும் நிறுத்துங்கள்.

கவிதா: அத்தான், நீங்கள் கூப்பிட்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். வேறு எதையாவது பேசுங்கள். மூச்சு வேகமாக இருந்தால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே விடுங்கள், அவருக்குக் கேட்கிற மாதிரி.

முருகேசன்: ம்.

(சித்தப்பா, செந்திலைச் சேர்த்தார்)

பிரபு: அப்பா என்ன செய்தீர்கள்

சித்தப்பா: கவிதா எழுதியதைத் தனியாக அவனுக்கு அனுப்பலாம் என்று எதையோ அழுத்தினேன்.

மீனா: இதுவரை பேசியது அண்ணனுக்குத் தெரியாது, இனி எழுதுவதுதான் தெரியும்.

பிரபு: மீனா!!!

மீனா: 🙈

பிரபு: ரேஷன் கடையில் கொரோனா நிவாரணம் 2000 ரூபாய் யார் யார் வாங்கியாயிற்று?

ராஜி: எங்களுக்கு டோக்கன் நாளைக்கு.

மீனா: வாங்கியாயிற்று. இன்றைக்குத் திருப்பூரில் முதல்வர் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கி வைத்தார், நானும் போடலாம் என்று இருக்கிறேன்.

ராஜி: பார்த்துப் போடு, நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள்தானே மயங்கி விழுந்தார்

செல்வி: அம்மா. இதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். மீனா சித்தி நீங்கள் போடுங்கள்.

செந்தில்: திடீரென்று எல்லோரும் ரேஷன் பேசினால் அதற்கு முன்னால் என்னைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள்.

பிரபு: இல்லை அண்ணா

செந்தில்: கவிதா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினாள்.

முருகேசன்: ஏல

செந்தில்: சொல்லு அண்ணா

முருகேசன்: சென்னை நன்றாக ஆடும்போது ஐபிஎல்லை நிறுத்திவிட்டான்களே.

செந்தில்: ரெண்டாவது இடம். டெல்லிக்கு 12 பாயிண்ட், நமக்கு 10, ஆனால் நாம் ஒரு மேட்ச் கம்மி.

முருகேசன்: ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடு.

செந்தில்: சரி.

(செந்தில் குழுவிலிருந்து வெளியேறினார்)

சித்தப்பா: இனி நான் எதையும் தொடமாட்டேன்.

கவிதா: டாக்டர் கிடைத்துவிட்டார் செல்வி. அதே மாத்திரையை இன்று ராத்திரியிலிருந்து திரும்பத் தொடங்கச் சொன்னார். 10 மணிக்கு 97, காய்ச்சல் 99.4.

செல்வி: நல்லது அத்தை. இன்னும் ஒரு வாரம் விடாமல் பாருங்கள், இரண்டாவது வாரத்தில் திடீரென்று இறங்குபவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் மறைக்காதீர்கள்.

மீனா: அம்மா பையை இன்னும் பிரிக்கவில்லை. பிரபு, இ-பதிவுக்கு என்னென்ன கேட்பார்கள்?

முருகேசன்: பதிய வேண்டாம். நான் காலையில் அம்மாவிடம் பேசுகிறேன்.

மீனா: சும்மா கேட்டு வைத்துக்கொள்கிறேன் அண்ணா.

பிரபு: தனியாக அனுப்புகிறேன். மைனி, நாளைக்குக் கடை 6 மணிக்குத் திறந்து 10-க்கு மூடிவிடுவான், அம்பத்தூர் பக்கம் வருகிறேன், என்ன வேண்டும்?

கவிதா: மீட்டருக்கு பேட்டரி இரண்டு பிரபு, சின்னது, டிரிபிள் ஏ. முட்டை, இளநீர். கேட்டில் மாட்டிவிட்டுப் போன் பண்ணு, மேலே வராதே.

பிரபு: சரி மைனி. பேட்டரி நாலாகவே வாங்கிவிடுகிறேன்.