அம்மா வந்து உட்கார்ந்து பார்த்த அறை

திருச்சியிலிருந்து:

வீட்டில் ஓர் அறையை எப்படி அமைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். அப்பா தவறிய பிறகு அம்மாவை ஊரிலிருந்து எங்களோடு கூட்டிவர முடிவு செய்தோம். அம்மாவுக்கு வயது 74. கீழ்த்தளத்தில் 11க்கு 10 அடியில் ஓர் அறை இருக்கிறது. பல வருஷமாகச் சாமான் போட்டுவைத்திருந்த அறை அது. அதை அம்மாவுக்கு அழகாகச் செய்து தர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. போனில் நூறு படமாவது சேர்த்து வைத்திருப்பேன். இலை போட்ட வால்பேப்பர், ஃபால்ஸ் சீலிங், தொங்கும் விளக்கு என்று எல்லாம் முடிவாகி, வேலை செய்பவர் எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் கண் பரிசோதனைக்காக அம்மா நான்கு நாள் வந்து தங்கினார். காலி செய்த அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருந்தார். படங்களைக் காட்டினேன். "நல்லாருக்கும்மா" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "கட்டில்ல படுத்தா வாசல் கேட் தெரியுமா?" என்று கேட்டார். நான் வரைந்து வைத்திருந்த திட்டத்தில் தெரியாது. கட்டிலின் தலைமாடு ஜன்னலுக்குக் கீழே இருந்தது.

சாயங்காலம் மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "இப்பவும் தொட்டுப் பாரு" என்றார். சுவர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மதியத்திலிருந்து வாங்கிய வெயிலை அந்தச் சுவர் ராத்திரிதான் உள்ளே விடுகிறது. பத்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை. அந்தப் பக்கம் பீரோவை வைத்துவிட்டு, கட்டிலைக் கிழக்குப் பக்கம் தள்ளுவது என்று அன்றைக்கே முடிவானது.

மறுநாள் கோலமாவை எடுத்து வந்து எல்லாவற்றையும் முழு அளவில் தரையிலேயே வரைந்தேன். கட்டில் ஆறேகாலுக்கு நாலு அடி. பீரோ மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், அதன் கதவு திறக்க இன்னும் ஒன்றரை அடி. அறைக்கதவு உள்பக்கம் திறக்கும் வளைவையும் போட்டேன். கட்டில் கோட்டுக்குள் பாயை விரித்து அம்மா படுத்துப் பார்த்தார். எழுந்து, ராத்திரி பாத்ரூமுக்குப் போவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நான்காவது அடியில் கால் பீரோ கதவின் கோட்டை மிதித்தது. பீரோவை ஒரு முழம் நகர்த்தி வரைந்தேன், வழி கிடைத்தது. காகிதத்தில் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், பாத்ரூம் வரை தரையோரமாகச் சின்ன இரவு விளக்கு, ஜன்னலுக்கு வெளியே ஈரப்புடவை காயப்போட ஒரு கொடி, இவையும் அன்றைக்குச் சேர்ந்தவைதான். தொங்கும் விளக்கு போனது. ஃபால்ஸ் சீலிங்கும் போனது. அந்தப் பணம் தரைக்கு வந்தது.

பழைய தரை பளபளவென்ற டைல்ஸ். ஈரக்கால் பட்டால் வழுக்கும். அம்மா பிறந்த வீட்டில் ஆத்தங்குடிக் கல் போட்டிருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடிக்கே போனோம். காரைக்குடியிலிருந்து கிட்டத்தான். கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, குழைத்த வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்து அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துத்தான் கல்லை இறுக வைக்கிறார்கள். மேல்பக்கம் அவ்வளவு சீராக இருப்பதற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம். அம்மா ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். கடைசியில், பூ ஏதும் இல்லாத அரக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்து, ஓரத்துக்கு மட்டும் ஒரு வரி பூக்கல் கேட்டார்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. இந்தக் கல் கனமானது, கலவையும் சேர்ந்தால் அறை வாசலில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரு மேடு வந்துவிடும். 74 வயதுக் கால் அதில் இடறும். அதனால் பழையதைப் பெயர்த்துவிட்டே போட்டோம். நான்கு நாள் தூசிதான், பரவாயில்லை.

வால்பேப்பர் ஒட்டவிருந்த சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. அடியில் பெயிண்ட் உப்பிப்போய், தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அதையும் அம்மாதான் முதலில் பார்த்தார்.

மதுரையிலிருந்து:

அக்கா, நான் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். அந்த வெள்ளைப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். அது சுவருக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே கொண்டுவரும் உப்பு. பெரும்பாலும் பைப் ஜாயிண்ட்டில் கசிவு இருக்கும், அல்லது குளியலறைத் தரையோரம் கலவை விட்டிருக்கும். முதலில் அதை அடைத்துவிட்டுச் சுவரைக் காய விட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு பட்டி பார்த்து பிரைமர் அடித்தால் ஒரு மழைக்காலத்துக்குள் மறுபடியும் உப்பிவிடும். அதன் மேல் வால்பேப்பர் ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வெளியே தெரியவே தெரியாது. போன மாதம் ஒரு வீட்டில் உரித்துப் பார்த்தபோது சுவர் கறுப்பாக இருந்தது. அந்த அறையில்தான் குழந்தை படுத்திருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

நிறம் பற்றி ஒன்று. ஷேடு கார்டில் விரல் அகலத்துக்கு இருக்கிற நிறம், நாலு சுவரும் சூழ்ந்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். சின்ன டப்பா வாங்கி, ரெண்டுக்கு ரெண்டு அடியில் இரண்டு கோட் அடித்துவிட்டு, காலையில் ஒரு தடவை, ராத்திரி விளக்குப் போட்டு ஒரு தடவை பாருங்கள். 3000 கெல்வின் மஞ்சள் பல்புக்குக் கீழே வெளிர் நீலம் மங்கிச் சாம்பலாகிவிடும். 6500 வெள்ளை விளக்கில் சந்தன நிறம் சோகையாகத் தெரியும். அதனால் பல்பை முதலில் முடிவு செய்யுங்கள், பெயிண்ட்டை அப்புறம்.

சென்னை, வாடகை வீட்டிலிருந்து:

எங்களுக்கு ஆணி அடிக்கவே அனுமதி இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 10க்கு 10 அறை. நான் முதலில் யோசித்தது நவராத்திரியைத்தான். ஐந்து படிக் கொலுவுக்கு, படிக்கு 10 அங்குலம் என்றால் நாலடிக்கு மேல் தரை வேண்டும். வருஷத்தில் 9 நாள் அந்த இடம் காலியாக வேண்டும் என்பதால், அந்தச் சுவரோரம் மடக்கு மேசை மட்டும் வைத்தோம். நடுவில் பவானி ஜமக்காளம் ஒன்று, அதன் பட்டைக் கோடுகளே அறைக்குப் போதுமான நிறம். பையன் கோட்டின் ஒரு பக்கம், பெண் மறுபக்கம் என்று எல்லை பிரித்துக்கொண்டார்கள். திருச்சி அக்கா, அந்தக் கல்லை எப்படித் துடைக்கிறீர்கள்? அம்மாவுக்கு அறை பிடித்ததா?

திருச்சியிலிருந்து:

வெறும் தண்ணீரில்தான் துடைக்கிறோம். ஆசிட் கலந்த திரவம் எதுவும் படக்கூடாது, சிமெண்டை அரித்துவிடும். ஆரம்பத்தில் சில வாரம் தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தோம். நடக்க நடக்க மெருகு ஏறிக்கொண்டே வருகிறது. மதுரைத் தம்பி சொன்னதுபோலவே பைப் ஜாயிண்ட்தான் கசிந்திருக்கிறது. சுவர் காய ஐந்து வாரம் பொறுத்திருந்தோம். சாதாரண வெளிர் சந்தனம்தான் அடித்தோம், உங்கள் யோசனைப்படி பல்பை மாற்றிப் பார்க்கிறேன்.

அம்மா வந்து இரண்டு மாதம் ஆகிறது. காலையில் கட்டிலில் இருந்தபடியே கேட்டைப் பார்த்து, பால்காரர் வந்தாயிற்று என்று எனக்குக் குரல் கொடுக்கிறார். அப்பா படத்தைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், எல்லோரும் மாட்டுகிற உயரத்தில் மாட்ட ஆணி கொண்டுபோனேன்.

"அங்க வேணாம்மா. இங்க, என் பக்கத்துல அடி" என்று படுத்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார். தரையிலிருந்து மூன்றரை அடி. விரல் பட்ட இடத்தில் பென்சிலால் குறித்து, அங்கேயே மாட்டினேன்.