கேரம் போர்டு சுவத்துல சாஞ்சு நிக்குது. வீட்ல எல்லாரும் சேர்ந்து சும்மா இருக்க என்ன வழி?

கேட்டவர்: தையக்காரம்மா, தண்டையார்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டுப் போறவ, எழுதறது இதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்களுது ரெண்டாவது மாடி, ஒரு ரூமு, ஒரு ஹாலு. வீட்டுக்காரர் மணலியில ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். நான் எம்.சி. ரோட்டுல ஒரு கடைக்கு நைட்டி தைச்சுக் கொடுக்கறேன், ஒண்ணுக்கு 20 ரூபா. பொண்ணுக்கு 12 வயசு, பையனுக்கு 8. மாமியாரும் எங்ககூடதான்.

வீட்ல ஒரு பழைய கேரம் போர்டு உண்டு. ஓரத்துல பிளைவுட் பிரிஞ்சு, ஒரு மூலையில வலை கிழிஞ்சு, காய் விழுந்தா நேரா தரைக்குத்தான் போவும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவரும் பசங்களும் மொட்டை மாடியில தண்ணி ட்ரம்மு மேல அதை வெச்சு ஆடுவாங்க. கீழ மெஷின் மிதிச்சுக்கிட்டே அவங்க கத்தறதைக் கேட்டுக்கிட்டிருப்பேன். அது போதும்னு இருந்தது எனக்கு.

2024 நவம்பர்ல நம்ம புதுவண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குச்சு. ஆட்டோ ஓட்டறவர் பொண்ணு. எங்க தெருவுல ஒரு வாரம் வேற பேச்சே இல்ல. சந்தோஷத்துல நானும் அழுதேன். அப்பதான் அவருக்கு நம்ம பொண்ணு கையும் நல்லா வருதேன்னு தோணுச்சு. கடன் வாங்கிப் புது போர்டு, ஒரு கிளாஸ்ல சேர்த்துவிட்டாரு. வாரத்துல அஞ்சு நாள் சாயங்காலம், ஞாயித்துக்கிழமை எங்கயாவது போட்டி. பையனைச் சேர்த்துக்கறது இல்ல, "அக்கா பிராக்டீஸ் பண்ணட்டும், நீ போ"ன்னு அனுப்பிடறாரு. ஒரு கட் ஷாட் தப்பினா செல்லுல வீடியோ எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டறாரு. அடிக்க மாட்டாரு, திட்டவும் மாட்டாரு. ஆனா அந்த வீடியோவைப் பாக்கச் சொல்ல என் பொண்ணு மொகத்தை நான் பார்த்திருக்கேன்.

போன மாசம் கிளாசுக்குக் கெளம்பற நேரத்துக்கு வயித்து வலின்னா. அடுத்த நாளு தலைவலி. அப்பால காயை அடிக்கற ஸ்ட்ரைக்கரைக் காணோம்னா. வீடு பூரா தேடி, அவர் புதுசு வாங்கியாந்தாரு.

ரெண்டு நாள் கழிச்சு அரிசி அளக்கச் சொல்ல, படியில ஏதோ டக்குனு தட்டுச்சு. கைய விட்டுப் பார்த்தா ஸ்ட்ரைக்கரு. டப்பா அடியில, ஒரு பழைய தலைகாணி உறைத் துணியில சுத்தி வெச்சிருக்கா. கூப்பிட்டுக் கேட்டேன். "அது இல்லன்னா வீட்லயே இருக்கலாம்லமா"ன்னா. அவ்ளோதான் சொன்னா. அப்பறம் அவளே, "நீ எப்பம்மா வெளாடுவே?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அஞ்சு கல்லு ஆடுனது கல்யாணத்துக்கு முன்னாடி. இப்ப ராத்திரி பதினொன்றரைக்குப் படுக்கறேன், நாலரைக்குத் தண்ணி வருதுன்னு எழுந்துக்கறேன். ஞாயித்துக்கிழமைன்னா கறிக்கொழம்பு, ஒரு வாரத் துணி, திங்கக்கிழமை கொடுக்க வேண்டிய ஆர்டரு.

அவர் ஆசைப்படறது தப்புன்னு சொல்லல. ஆனா எங்க வீட்ல இருந்த ஒரே வெளாட்டும் இப்ப வேலையாயிடுச்சு. கிளாசை நிறுத்தச் சொல்றதா, வேணாமா? ஷிஃப்ட்டுல ஓடற வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காரறது எப்படி? பழைய போர்டு சுவத்துல சாஞ்சு நிக்குது, அது மேல துணி காயுது.

பழைய ஸ்ட்ரைக்கர், வியாசர்பாடி

அக்கா, அரிசி டப்பா விஷயம் படிச்சிட்டு ஒரு நிமிஷம் செல்லைக் கீழ வெச்சிட்டேன். நான் செஞ்சது அதுக்கும் மேல. என் ஸ்ட்ரைக்கரை பக்கிங்காம் கால்வாயில வீசினேன். 16 வயசுல.

எங்க நைனாவுக்கும் உங்க வீட்டுக்காரர் மாதிரிதான் ஆசை. அந்த ஆசை எங்கேந்து வருதுன்னு நமக்குத் தெரியும். நம்ம பக்கத்துல ஒரு புள்ள போர்டுல கை வெச்சா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கண்ணுக்குத் தெரியும். எங்க வியாசர்பாடி இளவழகி 2008ல உலக சாம்பியன் ஆனாங்க. அதப் பார்த்து வளந்த பசங்க நாங்க. அண்ணன் மேல கோவப்படாதீங்க, கோவமா பேசினா அவருக்கு இது காதுல ஏறாது.

என் கதை இது. ஜில்லா அளவுல ஆடினேன். ஸ்ட்ரைக்கரே குழியில விழுந்தா மைனஸ் இல்லையா, அப்படி ஒவ்வொரு மைனஸுக்கும் என் தலையில நைனா ஒரு குட்டு வெப்பாரு. தூக்கத்துல கூட விரலு சுண்டிக்கிட்டே இருக்கும்னு எங்கம்மா சொல்வாங்க. ஒரு நாள் எல்லாத்தையும் விட்டேன், ஒன்பது வருஷம் காயைத் தொடல. திருப்பித் தொட்டது மாமியார் வீட்ல. பொங்கலுக்குப் போயிருந்தப்போ மச்சினிச்சி போர்டை எடுத்துப் போட்டுச்சு. அந்த வீட்ல யாரும் பாயிண்ட் எண்ணல. யாரு வெள்ளை, யாரு கருப்புன்னு கூட நடுவுல மறந்துட்டாங்க. மாமனார் ஸ்ட்ரைக்கரைக் கட்டை விரலால தள்ளறாரு. எனக்கு முதல்ல எரிச்சலா இருந்தது. அரை மணி நேரத்துல வயிறு வலிக்கச் சிரிச்சேன்.

அதனால என் யோசனை, ரெண்டு போர்டையும் பிரிச்சு வெச்சிடுங்க. புதுசு கிளாசுக்கு. எத்தனை நாள் போறதுன்னு பாப்பாவையே சொல்லச் சொல்லுங்க. பழசு வீட்டுக்கு. அதுல பாயிண்ட் கிடையாது, வீடியோ கிடையாது, முக்கியமா யாரும் யாருக்கும் சொல்லித் தரக் கூடாது. டபுள்ஸ் போடுங்க. பார்ட்னர் எதிர்ல உக்காருவாங்க இல்லையா, பாப்பாவுக்கு எதிர்ல ஆயாவை உக்கார வெச்சிடுங்க. அண்ணனுக்கு எதிர்ல தம்பி. அண்ணன் ஆடற கையைப் பார்த்தா ஆயாவும் பேத்தியும் ஜெயிக்க மாட்டாங்க, அதனால அவரை இடது கையால ஆடச் சொல்லுங்க. இதை நான் என் பையன்கூடச் செய்யறேன். இடது கையில எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு.

மொத்தம் 19 காய்தான், வீட்டு ஆட்டத்துல ஒரு போர்டு பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். நேரம் இல்லன்னு சொல்ற வீட்டுக்கு இதைவிட நல்ல வெளாட்டு எனக்குத் தெரியல.

தையக்காரம்மா

தம்பி, ரொம்ப நன்றி. நீங்க கால்வாயில வீசினதை அவருக்கும் படிச்சுக் காட்டலாமா? ஆனா டபுள்ஸ்ல நாலு பேருதான். அவர், பசங்க, ஆயா. நான் வழக்கம்போல கீழ மெஷின்ல.

காசிமேட்டு மக

அக்கா, உங்க கடைசி வரிக்காகத்தான் எழுதறேன்.

எங்கப்பா விசைப்படகுல டிரைவர். போனா திரும்பி வரப் பல நாள் ஆகும். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்தது. மீன் முட்டை வெக்கற காலம்னு விசைப்படகு போகக் கூடாது. எங்களுக்கு அது அப்பா வீட்ல இருக்கற காலம். காசு இருக்காது, அதை மறைக்கல. மே மாசம் அடகுக் கடைக்குப் போகாத வருஷம் கம்மி. பகல்ல படகுல ரிப்பேரு, பெயிண்டு, கிழிஞ்ச வலையைக் கட்டறதுன்னு வேலை இருக்கும். ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா மாடித் தரையில கரிக்கட்டையால தாயக் கட்டம் போடுவாரு. அந்தக் கை, கயிறு இழுத்து இழுத்துக் காய்ச்சுப் போன கை, சோழியைக் குலுக்கற சத்தம் எனக்கு இன்னும் கேக்குது.

பெரியவளானப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. தடைக்காலம் அப்பாவுக்குத்தான், அம்மாவுக்கு இல்ல. அப்பா வீட்ல இருந்தா மூணு வேளையும் சுடு சோறு. தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுக்காரங்க கொண்டாற மீனை அம்மா ஏலத்துல எடுத்து, கூடையில தூக்கிட்டுப் போய் வித்துட்டும் வருவாங்க. நாங்க ஓய்வா இருக்கற அளவுக்கு அவங்களுக்கு வேலை ஏறும். நாங்க யாருமே அதைப் பாக்கல.

ஒரு மே மாசம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திட்டு வந்து, "இன்னிக்கு இதுக்கு மேல ஒண்ணியும் கெடையாது"ன்னாங்க. சண்டை ஒண்ணும் இல்ல, சாதாரணமா சொன்னாங்க. அப்பா ஒரு மாதிரி பார்த்தாரு. அப்பறம் சைக்கிளை எடுத்துட்டுப் போய் பீச் ஸ்டேஷன் எதிர்லேந்து அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், வாங்கியாந்தாரு, வாழைத்தண்டு சூப்போட. அம்மா தாயக் கட்டத்து முன்னாடி வந்து உக்காந்தாங்க. என் வயசுக்கு அன்னிக்குத்தான் அவங்க வெளாடிப் பாக்கறேன். எங்கம்மா கள்ளாட்டம் ஆடுவாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியும்! சோழி விழற நேரத்துல முந்தானையைத் தட்டி ஒண்ணைத் திருப்பிடுவாங்க. அப்பா கண்டுபிடிச்சாரு, ஒண்ணும் சொல்லல, சிரிச்சிட்டே அவரு காயைப் பின்னால எடுத்துக்கிட்டாரு.

அக்கா, பாப்பா கேட்டது கேரமைப் பத்தி மட்டும் இல்லன்னு நெனைக்கறேன். அஞ்சாவது ஆளா நீங்க எப்படி உக்காருவீங்கன்னு கேக்காதீங்க. முதல் ஆளா உக்காருங்க, மத்தவங்க மாத்தி மாத்தி வரட்டும்.

நைட் டியூட்டி நர்ஸ், ராயபுரம்

நல்ல பேச்சு ஓடுது. ஒண்ணு மட்டும் சேக்கறேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தா அஞ்சு மணி நேரம். பெரியவங்களுக்குக் குறைஞ்சது 7 மணி நேரம் தூக்கம் வேணும். 6லேந்து 12 வயசுப் புள்ளைங்களுக்கு 9லேந்து 12 மணி நேரம். பாப்பா கிளாஸ் முடிச்சு, வீட்டுப்பாடம் முடிச்சு எத்தனை மணிக்குப் படுக்கறான்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க. வயித்து வலியில பாதி அங்க இருக்கலாம். வலி தொடர்ந்து இருந்தா டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.

நைட் முடிச்சு வர்றவரை காலையில ஆடக் கூப்பிடாதீங்க. நானும் அப்படி வர்றவதான், அந்த நேரத்துல சிரிச்ச மொகம் வராது. சாயங்காலம் நாலு மணி சரியா இருக்கும். தண்ணி பிடிக்கற வேலையை வாரத்துல ரெண்டு நாளாவது அவர்கிட்ட கொடுங்க. இதெல்லாம் சலுகைன்னு நெனைக்காதீங்க. 1989ல ஐ.நா. குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 31ஆவது பிரிவே ஓய்வுக்கும் வெளாட்டுக்கும்தான். இந்தியா 1992ல அதை ஏத்துக்கிச்சு. அம்மாக்களுக்கு அப்படி ஒரு பிரிவு நான் பார்த்ததில்ல, நீங்களே போட்டுக்கோங்க.

தையக்காரம்மா

மூணு வாரம் கழிச்சு வரேன். நடந்ததைச் சொல்லிடறேன்.

அவர்கிட்ட ஒண்ணும் பெருசா பேசல. பகல் ஷிஃப்ட் வாரத்துல, சாப்பிட்டு முடிச்சு மாடியில நின்னப்போ அந்த ஸ்ட்ரைக்கரைக் கையில கொடுத்து எங்க கெடைச்சுதுன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் அதை விரலுக்கு நடுவுல உருட்டிக்கிட்டே இருந்தாரு. ஓட்டையில அரிசி மாவு ஒட்டியிருந்தது, நகத்தால சொரண்டி எடுத்தாரு. அப்பறம் வியாசர்பாடித் தம்பி எழுதினதைப் படிச்சேன். காலையில அவரே பொண்ணைக் கூப்பிட்டு எத்தனை நாள் போறேன்னு கேட்டாரு. ரெண்டு நாள்னா. சரின்னுட்டாரு. ஒரேடியா விட்டுடுவான்னு பயந்திருந்தாரு போல, ரெண்டு நாள்ங்கறதே அவருக்கு நிம்மதி.

ஞாயித்துக்கிழமை நாலுலேந்து ஆறு. மெஷினுக்கு மேல போர்வை போட்டு மூடிடறோம். நாலு நைட்டி போவுது, 80 ரூபா. முதல் வாரம் சரியா வரல. கடைக்காரர் போன், கேஸ்காரர், மூணு தடவை எழுந்தேன். பொண்ணு மூஞ்சி சின்னதாயிடுச்சு. ரெண்டாவது வாரம் செல்லைக் கீழயே வெச்சிட்டுப் போனேன். ஊசி குத்திக் குத்தி என் ஆள்காட்டி விரல் நுனி மரத்துப் போயிருக்கு, சுண்டினா ஸ்ட்ரைக்கர் எங்க போவுதுன்னே தெரியல. பையன் என் விரலைப் பிடிச்சு "நடு விரல்ல அடிம்மா"ன்னான். சொல்லித் தரக் கூடாதுன்னு சட்டம், ஆனா யாரும் அவனைத் தடுக்கல. ரெட்டு விழுந்துடுச்சு! அதுக்கு அடுத்து போட வேண்டிய ஃபாலோ காயைப் போட முடியல, ரெட்டை எடுத்து நடுவுல வெச்சிட்டாங்க. பரவால்ல. ஆயா ரெண்டு கட்டை விரலாலயும் தள்ளறாங்க. அவர் இடது கையில ஆடி மைனஸ் வாங்கினா பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்கறா. அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலஞ்சு மாசம் இருக்கும்.

இந்த வாரம் ஒரு போர்டு ஆடிட்டு பாயில சாஞ்சவ அப்படியே தூங்கிட்டேன். முழிச்சப்போ இருட்டிடுச்சு, தலைக்கு அடியில யாரோ தலைகாணி வெச்சிருக்காங்க. உறை இல்லாத தலைகாணி. அவங்க நாலு பேரும் சத்தம் போடாம ஆடறாங்க, காய் விழுந்தா பையன் கீழ கையை நீட்டிப் பிடிச்சுக்கறான், சத்தம் வரக் கூடாதுன்னு.

ஒரே ஒரு சந்தேகம். மாடியில கடக்காத்து அடிக்குது, பவுடர் பூரா ஆயா கண்ணுல போவுது. என்ன பண்றது?

பழைய ஸ்ட்ரைக்கர், வியாசர்பாடி

அக்கா, தூவாதீங்க. மல்லுத் துணியில கொஞ்சமா மூட்டை கட்டி போர்டு மேல ஒத்தி எடுங்க, போதும். அந்தக் கிழிஞ்ச வலையைத் தைக்கறது உங்களுக்குப் பத்து நிமிஷ வேலைதான், ஆனா இப்போதைக்குத் தைக்காதீங்க. தம்பி பிடிக்கட்டும்.