சின்ன ஃப்ளை ராடுக்கு 250 வெள்ளியில் ரீல்: எடை குறைவா, நல்ல டிராக்கா?

காஜாங்_புதியவன்
வணக்கம். 7 அடி 6 அங்குலத்தில் ஒரு 3 வெயிட் (மெல்லிய லைனுக்கான) ஃப்ளை ராடு, அதாவது செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் கம்பு, வாங்கிவிட்டேன். உலு லங்காட் பக்கம் சிற்றாறுகளில் தெங்காஸ், சின்ன செபாராவ் பிடிக்க ஆசை. மற்ற நாட்களில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் திலாப்பியா. ரீலுக்கு 250 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன். இணையக் கடைகளில் 85 கிராமிலிருந்து 150 கிராம் வரை கிடைக்கிறது. இருப்பதிலேயே எடை குறைந்ததை எடுத்துவிடலாமா?

ஈயக்குளம்
எடுக்கலாம் தம்பி. அதிலும் டிஸ்க் டிராக் (தகடுகளை அழுத்தி லைன் ஓட்டத்தை மறிக்கும் பிரேக்) வேண்டாம், பற்சக்கரத்தில் சின்ன நாக்கு தட்டிச் சத்தமிடும் சாதாரணக் கிளிக் ரீல் போதும். 3 வெயிட் லைனின் முதல் 30 அடி மொத்தமே 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம். அதன் முனையில் கட்டப்போகும் 5எக்ஸ் டிப்பெட்டின் (ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பின்) தடிமன் 0.15 மில்லிமீட்டர். இப்படி ஒரு மெல்லிய அமைப்பில் ரீலின் வேலை லைனைச் சுற்றி வைத்திருப்பதுதான். திலாப்பியாவைக் கையால் லைனை இழுத்தே கரை சேர்த்துவிடுவீர்கள்.

ரீலில் மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். குளிர்நாட்டு டிரவுட் மீனுக்காகச் செய்த லைன் நம் வெயிலில் இளகி, வளையங்களில் ஒட்டிக்கொண்டு நகராது. வெப்பமண்டலத்துக்கென்றே கெட்டியான மேற்பூச்சோடு செய்த லைன்கள் தனியாக உண்டு. 3 வெயிட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிடைத்தால் விடாதீர்கள்.

ராவாங்_அக்கா
லைன் விஷயத்தில் ஈயக்குளம் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் "இருப்பதிலேயே எடை குறைந்தது" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்க வேண்டியது சமநிலை. ரீலை மாட்டி, வீசும்போது வெளியே இருக்கும் அளவுக்கு லைனை வளையங்கள் வழியாக இழுத்துவிட்டு, தக்கைப் பிடியின் முன்பாதிக்கு அடியில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். ராடு படுக்கைவாட்டில் நின்றால் பொருத்தம் சரி. முனை கீழே சாய்ந்தால் ரீலின் எடை போதவில்லை.

சிற்றாற்றில் நீங்கள் வீசும் நேரத்தைவிட ராடை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஈ மிதந்து வருவதைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். அந்த நேரமெல்லாம் முனைப்பாரத்தை உங்கள் மணிக்கட்டு தாங்க வேண்டும். 85 கிராம் ரீலோடு காலையிலிருந்து மதியம் வரை நின்றால் கை சொல்லும்.

ஈயக்குளம்
அக்கா, பிடித்துக்கொண்டு நிற்பதற்கு நீங்கள் சொல்வது சரி. வீசுவதற்கு அது பொருந்தாது. ரீல் இருப்பது கைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள். முனை இருப்பது இரண்டு மீட்டருக்கும் அப்பால். கைக்கு அருகே 50 கிராம் கூட்டுவதால் முனை ஆடும் பாரம் ஒரு துளியும் குறையாது. கூடுவது கை தூக்கும் மொத்த எடை. ராடு நீளமாக, 9 அடியாக இருந்தால் கனமான ரீலுக்கு நியாயம் உண்டு. இது ஏழரை அடி. இதற்கு முனைப்பாரமே குறைவு.

இன்னொன்றும் கவனியுங்கள். கடையில் போட்டிருக்கும் 85 கிராம் வெறும் ரீலின் எடை. லைனும் அதற்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூலும் ஏறினால் கணக்கு மாறும். கொஞ்சம் பாரம் வேண்டுமென்றால் பேக்கிங்கை அதிகமாகச் சுற்றிக்கொள்ளலாம். எடை குறைந்த ரீலில் பாரம் கூட்ட முடியும், கனமான ரீலில் குறைக்க முடியாது.

ராவாங்_அக்கா
ஸ்பூலில் (லைன் சுற்றும் உருளையில்) இடம் இருந்தால்தானே சுற்றுவீர்கள்? மிகச் சிறிய ரீல்களின் நடுத்தண்டு ஒல்லி. நாலு சென்டிமீட்டர் விட்டத்தில் லைன் சுற்றிக் கிடந்தால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான் உள்ளே வரும். ஏழு சென்டிமீட்டராக இருந்தால் 22. வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒல்லித் தண்டில் கிடந்த லைன் சுருள் சுருளாகவே வெளியே வந்து தண்ணீரில் கிடக்கும். ஈ இயல்பாக மிதக்காது. தெங்காஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் எடையைப் பார்க்கும் முன் தண்டின் விட்டத்தைப் பாருங்கள். தண்டு அகலமான லார்ஜ் ஆர்பர் ரீல் 110, 120 கிராம் வந்தாலும் பரவாயில்லை.

ஆற்றுக்குக் கிளம்பும் முன் ஒன்று: குவாலா குபு பாரு பக்கம் சுங்கை சிலிங் கெலா மீன் காப்பகம். அங்கே தூண்டில் போடக் கூடாது.

செபாராவ்_வேட்டை
இருவருமே செபாராவை விட்டுவிட்டீர்கள். அவர் அதையும் பிடிக்கப் போகிறார். செபாராவ் அடித்தவுடன் முதல் ஓட்டத்திலேயே விழுந்து கிடக்கும் மரத்துக்கோ பாறை இடுக்குக்கோ போய்விடும். காலடியில் கிடக்கும் தளர்ந்த லைன் சுள்ளியில் மாட்டிக்கொண்டால் மீனும் ஈயும் சேர்ந்தே போகும். மீனைச் சட்டென்று ரீலுக்குக் கொண்டு வந்து டிராக்கால் மறிக்க வேண்டும். வெறும் கிளிக் சத்தத்துக்கு அது நிற்காது. 250 வெள்ளிக்குள் கடைந்தெடுத்த அலுமினியத்தில் டிஸ்க் டிராக் ரீல்கள் வந்துவிட்டன. 140 கிராம் இருக்கட்டுமே.

ஈயக்குளம்
மலிவு டிஸ்க் டிராக்கின் குறை அது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. முதல் இழுப்பில் ஒரு கணம் பிடித்து, பிறகு வெடுக்கென்று விடும். மெல்லிய டிப்பெட் அந்த ஒரு கணத்தில் அறுந்துவிடும். கிளிக் ரீல் வழுவழுவென்று கிளம்பும், கூடுதல் அழுத்தத்தை ஸ்பூலின் வெளி விளிம்பில் உள்ளங்கையை வைத்து நீங்களே கொடுக்கலாம். அதற்கு விளிம்பு சட்டத்துக்கு வெளியே திறந்திருக்கும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

செபாராவ்_வேட்டை
செபாராவுக்கு 5எக்ஸ் கட்டுவது அந்த மீனுக்கே செய்யும் கொடுமை. வாயில் ஈயோடு அறுத்துக்கொண்டு திரியும். 3எக்ஸ், 0.20 மில்லிமீட்டர் கட்டுங்கள். டிராக்கைப் பாதிக்குக் கீழே வைத்தால் அந்த வெடுக்கும் தெரியாது. உள்ளங்கையால் மறிப்பது பழகியவர்களுக்கு. வேகமாகச் சுழலும் கைப்பிடி புதியவரின் விரல் முட்டியைப் பதம் பார்த்துவிடும்.

பினாங்கு_அலை
பினாங்கிலிருந்து எழுதுகிறேன். செபராங் பிறை முகத்துவாரங்களில் பூலான் மீனுக்குச் சின்ன ராடைத்தான் நானும் எடுத்துப் போகிறேன். காஜாங் தம்பி என்றாவது உப்புத் தண்ணீருக்கு வரப்போவதாக இருந்தால் இதையும் யோசிக்கட்டும். மலிவு டிஸ்க் டிராக் பெரும்பாலும் நீர் புகாதபடி மூடப்பட்டதல்ல. உள்ளே உப்பு போனால் தகடுகள் இறுகிவிடும், பிரிப்பதும் சிரமம். கிளிக் ரீலில் துருப்பிடிக்க இருப்பது ஒரு ஸ்பிரிங்கும் சின்ன நாக்கும்தான். வீட்டுக்கு வந்ததும் ஸ்பூலைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, துளி எண்ணெய் விட்டால் போதும். இந்த விலையில் எளிமையான ரீல்தான் அதிக நாள் உழைக்கும்.

துளை போட்ட ரீலை நவீன அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 1874இல் அமெரிக்காவில் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை வாங்கிய ரீலிலேயே பக்கத்தட்டெல்லாம் துளைதான். அந்தக் காலத்துப் பட்டு லைன் காற்றோட்டத்தில் உலர வேண்டும், எடையும் குறையும். நமக்கு உப்பு வெளியேறவும் அது உதவுகிறது.

காஜாங்_புதியவன்
எல்லோருக்கும் நன்றி. உப்புத் தண்ணீருக்கு இப்போதைக்கு வர மாட்டேன். ரெடிங்டன் ஸீரோ 100 கிராமுக்குள் வருகிறது, கிளிக் ரீல், ஆனால் புதிது என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பழையதை வாங்கலாமா? கிராஃபைட் ரீல் இன்னும் மலிவாக இருக்கிறதே?

ராவாங்_அக்கா
கிராஃபைட் வேண்டாம். துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அழுத்தினால் சட்டம் வளையும். வளைந்த இடைவெளியில் 3 வெயிட் லைன் நுழைந்து சிக்கிக்கொள்ளும். பழைய ஸீரோ நல்ல நிலையில் கிடைத்தால் நானே வாங்கச் சொல்வேன், தண்டும் அகலம். அது வார்ப்பு அலுமினியம், பாறையில் விழுந்தால் விரியலாம். அதனால் ஸ்பூலைச் சுழற்றி, விளிம்பு சட்டத்தில் உரசுகிறதா என்று கையில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

செபாராவ்_வேட்டை
நான் இன்னும் டிஸ்க் பக்கம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு கணக்கு மறக்க வேண்டாம்: 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு இணையக் கடையில் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. 250 வெள்ளி ரீல் 275 ஆகும், அனுப்பும் செலவு தனி.

காஜாங்_புதியவன்
அப்படியானால் இங்கேயே பழைய கிளிக் ரீலாகத் தேடுகிறேன், மிச்சம் லைனுக்கு. நான் இடக்கையால் சுற்றுபவன். அதற்குத் தனி ரீல் வேண்டுமா?

ஈயக்குளம்
வேண்டாம். பல கிளிக் ரீல்களில் ஸ்பூலைக் கழற்றி உள்ளே இருக்கும் நாக்கைத் திருப்பி வைத்தால் பக்கம் மாறிவிடும். விற்பவரை உங்கள் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். லைன் சுற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் முழுவதையும் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டியிருக்கும்.